பரிசுத்தவான் மேல் ஈர்ப்பு, வீட்டில் கணவன்: கிறிஸ்தவ மிகுபுனைவில் இதை எப்படிக் கையாள்வது?

நெய்தல் கேட்டது:

கிறிஸ்தவப் பின்னணியில் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 26 அத்தியாயம் என்று திட்டம், 9 முடிந்திருக்கிறது. நாயகி கல்யாணமானவள். கணவன் தலைநகரில் பெரிய ஆட்களின் வட்டத்துக்குள் நுழையத் துடிக்கிறவன். இவள் மலைக்கோட்டையில் இருக்கும் ஒரு மூப்பரைத் தேடிப் போகிறாள். அவர் மெய்யாகவே பரிசுத்தவான், போலி இல்லை. 2ஆம் அத்தியாயத்திலேயே அவரைக் கொண்டுவந்துவிட்டேன்.

கைப்பிரதியைப் படித்தவர்களில் பாதிப் பேர் "இந்த ஆள் எப்போது மாட்டுவார்?" என்று காத்திருக்கிறார்கள். மீதிப் பேர் "ரெண்டு பேருக்கும் காதல்தானே, ஏன் மூடி மறைக்கிறீர்கள்?" என்கிறார்கள். அவருடைய ஈர்ப்பைக் குறைத்தால் மனிதர் ஆலயக் கமிட்டிச் செயலாளர் மாதிரி ஆகிவிடுகிறார். கூட்டினால் சாமியார் கதை. நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸின் மூன்றாவது விண்வெளி நாவலில் இதே சிக்கல் வருகிறது என்றார்கள். நான் படித்தது நார்னியா மட்டும். அந்த விண்வெளி நாவலில் எப்படிச் சமாளித்திருக்கிறார்? சோதனையை எங்கே வைப்பது, விவாகத்தை எங்கே வைப்பது?

பழுப்பேடு:

நீங்கள் சொல்வது 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்', 1945. உங்கள் கதையின் எலும்புக்கூடு அப்படியே அதில் இருக்கிறது. ஜேன் ஸ்டடாக், கணவன் மார்க், அவனை இழுக்கும் தீய பக்கமாகப் பெல்பரி என்ற இடத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், அதற்கு எதிர்ப்பக்கமாகச் செயின்ட் ஆன்ஸ் மலையில் ரான்சம் என்ற தலைவர்.

முதலில் உங்கள் 2ஆம் அத்தியாயத்தைப் பேசிவிடுவோம். லூயிஸின் நாவலில் 17 அத்தியாயங்கள். ரான்சம் நம் கண்ணில் படுவது 7ஆவதில்தான். அதுவரை நடப்பது விவாகத்தின் கதை. நாவலின் முதல் வார்த்தையே 'விவாகம்'. விவாகம் எதற்காக ஏற்பட்டது என்று இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப் புத்தகம் சொல்லும் மூன்றாவது காரணத்தை, அதாவது ஒருவருக்கொருவர் துணையும் உதவியும் ஆறுதலுமாக இருப்பதை, ஜேன் தனியாக வீட்டில் இருந்துகொண்டு கசப்போடு நினைத்துப் பார்க்கிறாள். கல்யாணமாகி ஆறு மாதம். கணவன் கல்லூரிக் கூட்டங்களில் கிடக்கிறான். பிறகு அவளுக்குக் கனவுகள் வருகின்றன, அவை நிஜமாக நடக்கின்றன. 3ஆம் அத்தியாயத்தில் மலைக்குப் போய், 'இதிலெல்லாம் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன்' என்று திரும்பிவிடுகிறாள். 6இல், கனவில் கண்ட முகத்தைத் தெருவில் நேரில் பார்த்துப் பதறி ஓடுகிறாள். அப்படித்தான் மலைக்கு வந்து சேர்கிறாள். அவளைத் துரத்திக்கொண்டு வந்தது பயம். அவருடைய முகம் அல்ல. உங்கள் நாயகி எதற்காக மலையேறுகிறாள்? 'மன அமைதிக்காக' என்றால் வாசகர் காதல் என்றுதான் படிப்பார்.

அடுத்து சந்திப்புக் காட்சி. லூயிஸ் ஈர்ப்பை மறைக்கவே இல்லை. நீல நிற அறை, சோபாவில் படுத்திருக்கும் மனிதர், பொன்னிறத் தாடி, ஆறாத காயம்பட்ட கால். பார்த்த மாத்திரத்தில் ஜேனின் உலகம் கலைந்துபோகிறது. ஆனால் வர்ணனை அதோடு நின்றுவிடுகிறது. மிச்சமெல்லாம் அவர் என்ன செய்கிறார் என்பதுதான். அவள் கணவனைப் பற்றிக் குறைப்படும்போது அவர் அவள் பக்கம் சாய்வதில்லை. 'உன்னைப் புரிந்துகொள்ள நான் இருக்கிறேன்' என்ற தொனி ஓரிடத்திலும் கிடையாது. மார்க்கை மீட்க வழியுண்டா என்று பேச்சைத் திருப்புகிறார். அவள் ஏமாற்றம் அடைகிறாள். உட்கார்ந்து ரொட்டியும் திராட்சரசமும் சாப்பிடுகிறார், ஒரு சிறு விசில் ஊதுகிறார், கம்பளத்தில் விழுந்த துணுக்குகளைத் தின்ன எலிகள் வருகின்றன. மகத்துவமான ஆளின் முதல் காட்சியில் எலிகள்! அந்த இடத்தில் வாசகரின் சந்தேகம் பாதி கழன்றுவிடும்.

அதற்கப்புறம் வருவதுதான் நீங்கள் நகலெடுக்கவேண்டிய உத்தி. ரயிலில் திரும்பும்போது ஜேன் நான்கு பேராகப் பிரிந்து நிற்கிறாள். ஒருத்தி அவரை அப்படியே உள்வாங்கிக் கிறங்கியிருக்கிறாள். இரண்டாமவள் முதலாமவளைப் பார்த்து அருவருக்கிறாள், இப்படி ஒரு ஆண்மகன் முன் மயங்கி நிற்பதா என்று. மூன்றாமவள் திடீரென்று நல்லவளாக இருக்க ஆசைப்படுகிறாள், மார்க்கிடம் அன்பாக நடக்கவேண்டும் என்கிறாள். நான்காமவளுக்கு வெறும் ஆனந்தம். வானம், வயல், எதைப் பார்த்தாலும் ஆனந்தம். 'இது காதலா?' என்று உங்கள் வாசகர் கேட்கும் கேள்வியை நாயகியே கேட்டு, அவளே ஆத்திரப்பட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்று அதற்குள் இருப்பதையும் காட்டிவிடுகிறாள். ஈர்ப்பு அவளைக் கணவன் பக்கம் தள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள். எந்த மூப்பரையும் உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல கல் இல்லை: அவரைப் பார்த்துவிட்டு வந்தவளுக்குத் தன் வீடு நெருங்குகிறதா, விலகுகிறதா?

அந்த ஆனந்தத்தையும் லூயிஸ் நீளவிடவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் ஊரில் கலவரம், போலீஸ்காரி ஹார்ட்காஸிலிடம் சிக்கி, சுருட்டால் சுடப்படுகிறாள். பரவசத்துக்கும் வலிக்கும் நடுவே சில பக்கங்கள்தான்.

இன்னொன்று, போலிச் சாமியார் வாடையைப் போக்குவது. செயின்ட் ஆன்ஸ் வீட்டில் மக்ஃபீ என்று ஒருவர் இருக்கிறார். விசுவாசி இல்லை. தலைவர் சொல்வதை முகத்துக்கு நேரே மறுப்பார், ஆதாரம் கேட்பார், அதே மேசையில் சாப்பிடுவார், யாரும் அவரை வெளியே போகச் சொல்வதில்லை. ஏமாற்றுக்காரன் வீட்டில் இப்படி ஒருவர் ஒரு வாரம் தாங்கமாட்டார். வீட்டு வேலை ஒரு நாள் ஆண்களுக்கு, மறுநாள் பெண்களுக்கு. சேர்ந்து செய்தால் சண்டை வருமாம். ஜேன் வீட்டில் வேலை பார்த்த ஐவி அங்கே சமமாக உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷன் திருட்டுக் கேசில் ஜெயிலில். டிம்பிள் தம்பதி வயதானவர்கள், குழந்தையில்லை. டென்னிஸ்டன் தம்பதி இளையவர்கள். ஆக ஜேனின் கல்யாணத்தோடு நாலு கல்யாணம் அந்த வீட்டைச் சுற்றி இருக்கிறது. உங்கள் மலைக்கோட்டையில் தம்பதிகள் எத்தனை? ஒன்றும் இல்லையென்றால் அது மடம். உள்ளே வரும் ஒரே கல்யாணமான பெண் மேல்தான் எல்லார் கண்ணும் விழும்.

உப்பளம்:

சோதனை என்றதும் நம்மவர்கள் உடனே ஒரு அழகியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகை நாவல்களில் நன்றாக எழுதப்பட்ட சோதனைகள் எதிலும் அது கிடையாது.

மார்க்கையே எடுங்கள். அவனுக்குக் காமம் ஒரு பொருட்டே இல்லை. 'உள்ளே இருக்கிறவர்கள்' என்று ஒரு கூட்டம், அதற்குள் போகவேண்டும், அவ்வளவுதான். பெல்பரியில் அவனுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை. துணை இயக்குநர் விதர் பேசுவது எல்லாம் புகைமூட்டம். கேட்டுத் தெளிவு பெற்றால் வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவனும் கேட்பதில்லை. பிறகு ஒரு ராத்திரி, இன்னும் நடக்காத கலவரத்தைப் பற்றி நாளைய பத்திரிகைக்கு இரண்டு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். ஒன்று படித்தவர்கள் வாசிக்கும் தாளுக்கு, ஒன்று பாமரர் தாளுக்கு. சட்டப்படி குற்றம் என்று தெரிந்து அவன் செய்யும் முதல் காரியம் அது. தோழர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே தாண்டிவிடுகிறான், தாண்டியதே உறைக்கவில்லை. இடியும் மின்னலும் அந்தக் காட்சிக்கு வேண்டியிருக்கவில்லை.

'டிசென்ட் இன்டு ஹெல்' (1937), எழுதியவர் லூயிஸின் நண்பர் சார்லஸ் வில்லியம்ஸ். வென்ட்வொர்த் என்ற சரித்திர ஆசிரியர். தன் போட்டியாளருக்கு 'சர்' பட்டம் கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறார். சந்தோஷப்படலாம், குறைந்தது பொறாமை என்று ஒத்துக்கொள்ளலாம். கோபத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பின்னால் ஊர் நாடகத்துக்குத் தைத்த காவலர் உடுப்பு சரியா என்று அவரிடம் கேட்கிறார்கள். தோள் முடிச்சு தப்பு, அவருக்குத் தெரியும், திருத்த நேரமும் இருக்கிறது. 'போதும்' என்று சொல்லிவிடுகிறார். நரகத்துக்கு அதுவும் ஒரு படி. தனக்குக் கிடைக்காத அடெலா என்ற பெண்ணின் சாயலில் ஒரு மாயப்பெண் அவரோடு குடியிருக்கிறாள். அவர் நினைப்பதையே நினைக்கிறாள், மறுபேச்சு கிடையாது. விவாகத்துக்கு நேர் எதிர் அதுதான். எதிரே இன்னொரு ஆளே இல்லை.

லூயிஸின் இரண்டாவது விண்வெளி நாவலான 'பெரலாண்ட்ரா' (1943) இன்னும் கூர்மை. வெள்ளிக் கிரகத்தின் முதல் பெண்ணுக்கு ஒரே ஒரு கட்டளை: நிலையான தரையில் இரவு தங்கக்கூடாது. சோதனைக்காரன் அவளிடம் இன்பத்தைக் காட்டுவதில்லை. தியாகத்தைக் காட்டுகிறான். தங்கள் மக்களுக்காகத் துணிந்து கட்டளையை மீறித் தனியாகத் துன்பப்பட்ட உத்தமிகளின் கதைகளாகச் சொல்லிச் சலிக்க வைக்கிறான். 'நீ மீறவேண்டும் என்பதுதான் கட்டளையிட்டவரின் உள்விருப்பம்' என்கிறான். அப்புறம்தான் இறகு அங்கி, கண்ணாடி. கண்ணாடியில் முதன்முறையாகத் தன்னையே வெளியிலிருந்து பார்க்கிறாள். உங்கள் நாயகிக்குச் சோதனை வேண்டுமா? 'புருஷனை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா' என்பதைவிட ஆவிக்குரிய வார்த்தையாக என்ன இருக்கிறது? அதை மூப்பர் சொல்லக்கூடாது, மூப்பரைச் சுற்றியிருக்கும் பக்தர் ஒருவர் சொல்லவேண்டும்.

நெய்தல்:

இருவருக்கும் நன்றி. மூப்பரின் வருகையைத் தள்ளிப்போடுகிறேன். ஒரு சந்தேகம். என் திட்டத்தில் 18ஆம் அத்தியாயத்தில் மூப்பருக்கே அவள் மேல் மனம் தடுமாறுகிறது, ஜெபித்து ஜெயிக்கிறார். இது வேண்டுமா?

மணிக்கூண்டு:

வேண்டாம். 18இல் தடுமாறினால் 'மாட்டுவார்' என்று காத்திருந்தவர்கள் சொன்னது சரியாகிவிடும். ஜெயித்தால் அவள் அவருடைய பரீட்சைத்தாள் ஆகிவிடுவாள். ரான்சமின் சோதனை முந்தைய நாவலான பெரலாண்ட்ராவிலேயே முடிந்துவிட்டது. காலில் ஆறாத காயம் அங்கே சோதனைக்காரனோடு நடந்த போரில் பட்ட கடி. மூன்றாவது நாவலை மட்டும் படிக்கிறவர்களுக்கு அவர் கொஞ்சம் சிலை மாதிரித் தெரிவதற்கும் காரணம் இதுதான், அந்தக் குறை உண்மையே. நீங்கள் ஒரே நாவலுக்குள் எழுதுவதால் மூப்பரின் பழைய தோல்வி ஒன்றை முதல் பாகத்தில், அவர் வருவதற்கு முன்பே, வேறு யாராவது சொல்லக் கேட்கும்படி வையுங்கள். உடம்பில் அதன் அடையாளம் இருக்கட்டும்.

உள்ளே கிடக்கும் ஆபத்தைத் தெரிந்துகொள்ள வில்லியம்ஸைப் பாருங்கள், நாவலையும் ஆளையும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வேலை, 1945 மே மாதம் மரணம். பேச ஆரம்பித்தால் அறையே அவர் வசம். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் கற்பைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரையைக் கேட்டு லூயிஸ் சிலிர்த்து எழுதியிருக்கிறார். மனைவி 1917இல் கைப்பிடித்த ஃப்ளாரன்ஸ். பதிப்பக நூலகத்தில் வேலை பார்த்த ஃபிலிஸ் ஜோன்ஸ் மேல் பல ஆண்டுகள் தீராத மோகம், அது கவிதையாக வந்துகொண்டே இருந்தது. 1939இல் சீடர்களை வைத்து ஒரு சிறு அமைப்பும் தொடங்கினார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது அதன் உபதேசம். நல்ல உபதேசம். ஆனால் சில இளம்பெண்களிடம் அவர் கட்டளை, சிறு தண்டனை, சடங்கு என்று நடந்துகொண்டதையும், அதில் கிளம்பும் உணர்ச்சியைக் கவிதைக்குத் தீனியாக்கியதையும் 2015இல் க்ரெவெல் லிண்டாப் எழுதிய வாழ்க்கை வரலாறு விவரமாகச் சொல்கிறது. அப்பெண்களில் ஒருவரான லோயிஸ் லாங்-சிம்ஸ் 1989இலேயே கடிதங்களை வெளியிட்டார். படுக்கைவரை போகவில்லை என்பதை வைத்து அவரை விடுவிக்க முடியாது. ஒரு மனைவிக்கு உரியதை வேறிடத்தில் செலவழிக்கப் படுக்கை வேண்டியதில்லை.

இதே ஆள்தான் 'ஆல் ஹாலோஸ் ஈவ்' நாவலில் சைமன் என்ற குருவைப் படைத்தார். உங்கள் நாவலுக்கு ஒரு போலி வேண்டுமென்றால் இவனைவிட நல்ல மாதிரி இல்லை. லண்டனில் கூட்டம் நடத்துகிறான், நோயாளிகள் குணமாகிறார்கள். ஜோனதன் என்ற ஓவியன் அவனைப் பிரசங்கம் செய்யும் கோலத்தில் வரைகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் சீடர்கள் வண்டுக் கூட்டம் மாதிரி வந்துவிடுகிறார்கள், குருவின் முகத்தில் அறிவின் களையே இல்லை. பரம சீடையான வாலிங்ஃபோர்ட் சீமாட்டிக்கு ஆத்திரம். சைமனுக்கோ படம் பிடித்துப்போகிறது. சீடர்கள் பூச்சிகளாகத் தெரிவதில் அவனுக்கு ஆட்சேபமே இல்லை! அந்தச் சீமாட்டியிடம் அவன் பெற்ற மகள் பெட்டியும் மந்திர வேலைக்கு ஒரு கருவிதான். கடைசியில் அவன் பலம் சரியும்போது குணமானவர்களின் நோய் திரும்பி வருகிறது. வரம் உண்மையா என்பதற்கு இந்த நாவல் வைக்கும் சோதனை இது: ஆள் போனபின் குணம் நிற்கிறதா? உங்கள் மூப்பரை 20ஆம் அத்தியாயத்தில் ஊரைவிட்டு அனுப்பிப் பாருங்கள். சபை நிற்கிறதா, நாயகி நிற்கிறாளா என்று அப்போது தெரியும்.

செவ்வந்தி:

ரான்சமைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை வந்தபின் மறுபக்கமும் இருக்கட்டும். அதே 7ஆம் அத்தியாயத்தில், அன்பு இல்லாததால் கீழ்ப்படிதல் போகவில்லை, கீழ்ப்படியாததால்தான் அன்பு போனது என்று அவர் ஜேனுக்கு உபதேசம் செய்கிறார். இதைச் சொல்பவர் மனைவி இல்லாதவர். எழுதியவரும் அப்போது பிரம்மச்சாரி, ஜாய் டேவிட்மனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது 1956இல். 13ஆம் அத்தியாயத்தில் ஆர்தர் அரசன் கதைகளில் வரும் பழைய மந்திரவாதி மெர்லின் வந்து, பிறக்கவேண்டிய குழந்தையைத் தம்பதி தடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஜேனின் தலையை வெட்டவேண்டும் என்கிறான். மார்க்கின் தலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ரான்சம் தடுக்கிறார், சரி, ஆனாலும் கணக்கு யார் பேரில் எழுதப்படுகிறது என்று பாருங்கள்.

தமிழ் வாசகிக்கு இந்த உபதேசம் இன்னும் கசக்கும். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22ஐக் கல்யாண ஆராதனைகளில் காது புளிக்கக் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்தைய வசனமான "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பதைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். மூப்பர் வாயில் கீழ்ப்படிதல் என்ற சொல் வந்த நிமிடம் உங்கள் நாவல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஆகிவிடும்.

லூயிஸ் தப்பிக்கும் இடம் மார்க்கின் பக்கம். அவனுக்குப் பெல்பரியில் பயிற்சி நடக்கிறது. அளவுகள் சற்றே கோணலான ஒரு அறை, கூரையில் ஒழுங்குக்குள் அடங்காத புள்ளிகள், உற்றுப் பார்த்தால் ஏதோ தப்பாகத் தெரியும் படங்கள். மனதிலிருந்து நேரானது எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதற்கு. அங்கே இருக்க இருக்க அவனுக்குள் 'நேரானது' என்ற ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் உருவம் என்ன? ஜேன், பொரித்த முட்டை, சோப்பு, வெயில், காக்கைகளின் சத்தம். பிறகு ஆளுயரச் சிலுவை ஒன்றைத் தரையில் போட்டு மிதிக்கச் சொல்கிறார்கள். அவன் கிறிஸ்தவனே இல்லை, ஆனாலும் மாட்டேன் என்கிறான். மனைவியை நினைத்ததுதான் அவனை அந்த மறுப்புக்குக் கொண்டுவந்த வழி. கடைசி அத்தியாயத்தில், அவளிடம் தான் எவ்வளவு முரட்டுத்தனமாக, உரிமைப்பட்டவன் போல நடந்தோம் என்று வெட்கி, இனி அவளைப் போகவிட்டுவிட வேண்டும் என்றே நினைக்கிறான். கணவன் இப்படி இறங்கி வந்தபின் மனைவி இறங்கினால் அது விவாகம். மனைவி மட்டும் இறங்கினால் அது பிரசங்கம். வரிசையை மாற்றாதீர்கள்.

முடிவுக் காட்சியில் ரான்சம் இல்லை என்பதும் முக்கியம். அவர் விடைபெற்றுவிட்டார், வெள்ளிக் கிரகத்துக்கே திரும்பிப் போகிறார். தோட்டத்து வீட்டின் ஜன்னலில் மார்க்கின் சட்டைக் கை வெளியே தொங்குகிறது. அவனுக்கே உரிய சோம்பல். அதைப் பார்த்துத்தான் ஜேன் உள்ளே போகிறாள். மூப்பர் பக்கத்தில் நின்று ஆசீர்வதித்துக் கொடுத்திருந்தால் கணவன் அவர் தந்த பரிசாகப் போயிருப்பான்.

பழுப்பேடு:

செவ்வந்தி சொல்வதில் மெர்லின் விஷயத்தை முழுக்க ஒத்துக்கொள்கிறேன், கீழ்ப்படிதலில் பாதி. அந்த உபதேசத்தை ஜேனும் மறுத்துப் பேசுகிறாள், சமத்துவம்தான் விவாகத்தின் அடிப்படை என்று நினைத்திருந்தேன் என்கிறாள். அவள் வாதம் பலவீனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் குறை. உங்கள் நாயகியின் வாதத்தை முதலில் எழுதிவிட்டு மூப்பரின் பதிலை எழுதுங்கள், ஜெயிக்கிற பக்கத்துக்குக் குறைவான வரிகள் கொடுங்கள்.

நெய்தல், 26 அத்தியாயத்துக்கு மூப்பர் 10 அல்லது 11இல் வரலாம். முன்னால் இரண்டு முறை அவரைப் பற்றிய முரண்பட்ட செய்தி காதில் விழட்டும், ஒரு முறை அவள் மலைவாசல் வரை போய்த் திரும்பட்டும். கணவனின் அத்தியாயங்களை இடையிடையே வையுங்கள். லூயிஸ் அப்படித்தான் ஒரே அத்தியாயத்துக்குள் இருவரையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார், ஆளைப் பிடிக்கும் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து நின்றால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு வீட்டுக்கும் வேண்டியது ஜேனின் கனவுகள்தான். பெல்பரி 'மனைவியைக் கூட்டி வா' என்று மார்க்கை நெருக்குகிறது. மலையில், கணவனைக் கலக்காமல் கல்யாணமான பெண்ணைச் சேர்ப்பது தலைவருக்குப் பிடிக்காது என்கிறார்கள். ஜேனைப் பெல்பரியில் வைத்துக் கற்பனை செய்தபோதுதான் அங்கத்திய சிரிப்பு போலி என்று மார்க்குக்கே உறைக்கிறது.

1945 ஆகஸ்டில் ஜார்ஜ் ஆர்வெல் இந்த நாவலுக்கு எழுதிய மதிப்புரையையும் மனதில் வையுங்கள். கடவுளும் சாத்தானும் மோதுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்துவிடுகிறதே என்பது அவர் புகார். நியாயமான புகார். மலைக்கோட்டைப் போரில் பதற்றம் கிடைக்காது. கணவன் வீடு திரும்புவானா, நாயகி கதவைத் திறப்பாளா என்பதற்கு எந்தத் தீர்க்கதரிசனமும் எழுதி வைக்காதீர்கள், உங்கள் 9 அத்தியாயத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

புத்தகம் வாங்கும்போது முழுப் பதிப்பா என்று பாருங்கள், லூயிஸே சுருக்கிய பதிப்பு ஒன்றும் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். அவகாசம் குறைவு என்றால் 1, 6, 7, 14, 15, 17 அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். பெரலாண்ட்ராவை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கால் காயம் உங்களுக்கு வெறும் கால் காயம்தான்.